மணிமேகலை படிக்க ஓர் எக்ஸெல் பைல்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. மெயில் பார்க்கிறோம், படம் பார்க்கிறோம், மின் கட்டணம் கட்டுகிறோம். "இதை வைத்துக்கொண்டு வேறு என்ன உருப்படியாகச் செய்யலாம்?" என்று கேட்பவர்களுக்கு, என் வீட்டில் நடந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். நான் சாப்ட்வேர் துறையில் இருப்பவள்தான். ஆனால் இதில் புரோகிராமிங் ஒரு வரி கூடக் கிடையாது. நோட்பேட், வேர்ட், எக்ஸெல் மூன்றும் திறக்கத் தெரிந்தால் போதும்.

எங்கள் ஊர் உத்திரமேரூர். தாத்தா ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வயது 84. கண் நீர் அழுத்த நோயால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இரண்டு வருடங்களுக்கு முன் எழுத்து முழுவதும் மறைந்துவிட்டது. வெளிச்சம் மட்டும் தெரியும். வாரத்தில் மூன்று நாள் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரு நாள் மாலை, லேப்டாப்பை மூடும் சத்தம் கேட்டதும் கூப்பிட்டார். "பாப்பா, அலமாரியில மணிமேகலை இருக்கு. அந்தக் காஞ்சிபுரம் வர்ற காதையை மட்டும் ஒரு தடவை படிச்சுக் காட்டேன்."

மணிமேகலை சீத்தலைச் சாத்தனார் எழுதிய காப்பியம், 30 காதைகள். கதாநாயகி, எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியுடன் ஊர் ஊராகப் போய்க் கடைசியில் வந்து சேர்வது நம் காஞ்சிபுரத்துக்கு. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். எனவே எங்கள் மாவட்டத்துக் காப்பியம் என்று தாத்தாவுக்கு அதில் தனிப் பிரியம்.

பிளஸ் டூவில் தமிழில் 180க்கு மேல் வாங்கியவள் நான். புத்தகத்தைப் பிரித்துத் தைரியமாகப் படிக்கத் தொடங்கினேன். நான்காவது அடியில் தாத்தா "என்ன சொல்லுது?" என்று கேட்டார். தெரியவில்லை. "சரி, மேலே படி" என்றார். பத்தாவது அடியில் மறுபடி கேட்டார். தெரியவில்லை. அவருக்குப் பொருள் தெரியும். நான் புரியாமல் படிப்பது என் குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கே நிறுத்துவது, எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் படித்தால் கேட்பவருக்கும் பாட்டு உடைந்துதான் போகும். "இன்னொரு நாள் பாத்துக்கலாம்மா" என்று சொல்லிவிட்டார்.

மொபைலில் உரையைக் குரலாக மாற்றும் வசதி இருக்கிறதே, அதைப் போட்டுக் காட்டினேன். அது நிற்காமல் ஒரே மூச்சில் படித்தது. "ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கு" என்று தாத்தா அணைக்கச் சொன்னார்.

ஆக, நானேதான் கற்றுக்கொண்டாக வேண்டும். இலக்கணத்தை விட முதலில் இடிப்பது சொற்கள்தான். அதற்குத்தான் கம்ப்யூட்டரைப் பிடித்தேன்.

முதல் வேலை: நூலைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு வருதல்

நூலை நாம் டைப் செய்ய வேண்டியதில்லை. மதுரைத் திட்டம் என்ற தன்னார்வலர் அமைப்பு 1998 பொங்கலன்று தொடங்கி, பழந்தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் வைத்து வருகிறது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தியது. கூகுளில் 'மதுரைத் திட்டம் மணிமேகலை' என்று தமிழிலேயே டைப் செய்தால் வந்துவிடும். யூனிகோட் பதிப்பையே எடுங்கள். பழைய டிஸ்கி பதிப்பைத் திறந்தால், அதற்குரிய எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கிறுக்கல் கிறுக்கலாகத் தெரியும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

பக்கம் திறந்ததும் கண்ட்ரோல்+ஏ, கண்ட்ரோல்+சி. நோட்பேடில் ஒட்டுங்கள். இதனால் தேவையில்லாத நிறம், கட்டம் எல்லாம் உதிர்ந்துவிடும். நோட்பேடிலிருந்து வேர்டுக்கு மாற்றி, தலைப்புகள், அடி எண்கள் இவற்றை நீக்கிவிடுங்கள். இனி கண்ட்ரோல்+எச் அழுத்தினால் 'பைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' கட்டம் வரும். மேல் கட்டத்தில் ஸ்பேஸ் பாரை ஒரே ஒரு முறை தட்டுங்கள். கீழ்க் கட்டத்தில் கூரைக் குறியும் அதை ஒட்டி ஆங்கிலச் சின்ன 'பி' எழுத்தும் கொடுங்கள் (கூரைக் குறி 6 எண் இருக்கும் கீயில் ஷிப்ட் அழுத்தினால் வரும்). 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்ததும் முழுக் காப்பியமும் ஒரு வரிக்கு ஒரு சொல்லாக நீண்டு விழும். முதல் முறை பார்த்தபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்!

அதை அப்படியே காப்பி செய்து, எக்ஸெலில் ஏ2 கட்டத்தில் ஒட்டுங்கள். ஏ1ல் 'சொல்' என்று தலைப்புக் கொடுங்கள். பிறகு 'இன்சர்ட்' சென்று 'பிவட் டேபிள்' தேர்ந்தெடுத்து ஓகே கொடுக்கவும். வலப்பக்கம் தெரியும் 'சொல்' என்பதை மவுஸால் இழுத்து 'ரோஸ்' பகுதியில் ஒரு முறையும், 'வேல்யூஸ்' பகுதியில் ஒரு முறையும் போடுங்கள். எந்தச் சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்ற பட்டியல் தயார். எண் மேல் ரைட் கிளிக் செய்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கச் சொல்லுங்கள்.

அதிகம் வரும் சொற்களை முதலில் படித்துவிட்டால் பாதி நூல் புரிந்துவிடும் என்பது என் கணக்கு. அது தப்புக் கணக்கு.

லத்தீன்காரர்கள் செய்ததும் நான் செய்யாததும்

இந்த முறை புதியதல்ல. ஐரோப்பாவின் பழைய காப்பியமான ஈனியட்டை லத்தீன் மொழியில் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு நம்மைப் போலவே சொற்கள்தான் முதல் தடை. வர்ஜில் எழுதிய அந்த நூல் 12 பாகம், ஏறக்குறைய 9,900 அடிகள். அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரி 1,000 அடிப்படை லத்தீன் சொற்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. சாதாரண லத்தீன் நூலில் வரும் சொற்களில் சுமார் 70 சதவீதம் அந்த ஆயிரத்துக்குள் அடங்கிவிடும் என்கிறார்கள். அதற்கு முன்பே, 1930ல் கிளைட் பார் என்ற பேராசிரியர் வெளியிட்ட ஈனியட் பாடப் பதிப்பில், அடிக்கடி வரும் சொற்கள் மட்டும் ஒரு நீண்ட தாளில் அச்சாகிப் புத்தகத்தின் கடைசியில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. எந்தப் பக்கத்தைப் படித்தாலும் அதை விரித்து ஓரமாக வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள்!

ஆனால் அவர்கள் எண்ணியது வேர்ச்சொற்களை. லத்தீனிலும் தமிழைப் போல ஒரே சொல் பல உருவம் எடுக்கும். அவற்றை எல்லாம் ஒரே தலைச்சொல்லின் கீழ் கொண்டுவந்த பிறகுதான் எண்ணினார்கள். நான் எண்ணியது இடைவெளிகளுக்கு நடுவே இருந்த எழுத்துக் கூட்டங்களை. தமிழில் சொற்கள் ஒன்றோடொன்று புணர்ந்து உருமாறி நிற்குமே! தொடி என்றால் வளையல். காப்பியங்களில் பொற்றொடி, பைந்தொடி, செறிதொடி என்று எத்தனையோ இடத்தில் அது ஒளிந்திருக்கும். எக்ஸெலுக்கு இவை எல்லாம் வேறு வேறு சொற்கள். என் பட்டியலில் பெரும்பாலான சொற்களுக்கு நேரே 1 என்ற எண்தான் இருந்தது.

அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் போனேன். "வாணுதல்" என்று படித்தேன். கேட்ட மாத்திரத்தில் "வாள், நுதல்" என்று பிரித்தார். நுதல் என்றால் நெற்றி. வாள் போன்ற நெற்றியா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். வாளுக்கு ஒளி என்றும் பொருள் உண்டாம், ஒளி பொருந்திய நெற்றி. "நீணிலம்?" நீள், நிலம். கம்ப்யூட்டரால் முடியாததைக் கண் தெரியாத மனிதர் காதாலேயே செய்துகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வேலை முறை மாறியது. நான் படிப்பேன், அவர் பிரிப்பார், நான் எக்ஸெலில் டைப் செய்வேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் 99 கீபோர்டு இருக்கிறது. 'லேங்குவேஜ்' செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் போதும், தனி சாப்ட்வேர் வேண்டாம். நான்கு காலம் போட்டேன்: நூலில் இருக்கும் உருவம், பிரித்த தலைச்சொல், பொருள், வரும் இடம். பிறகு தலைச்சொல் காலத்துக்கு மட்டும் பிவட் டேபிள் போட்டபோதுதான் பட்டியலுக்கு உயிர் வந்தது.

இந்த வசதி எல்லோர் வீட்டிலும் இருக்காதே என்பீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலக்கியங்களும் உரைகளும் நிகண்டுகளும் இருக்கின்றன. மதுரைப் பேராசிரியர் ப. பாண்டியராஜா உருவாக்கிய தொடரடைவுத் தளத்தில் ஒரு சொல்லை எடுத்தால் அது வரும் அடிகளைக் காட்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை, லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுடன், சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். செயற்கை நுண்ணறிவு அரட்டை மென்பொருள்களிடமும் கேட்டுப் பார்த்தேன். சரியாகச் சொல்லும்போதும் தவறாகச் சொல்லும்போதும் ஒரே துணிச்சலோடு சொல்கின்றன. பேரகராதியில் சரிபார்க்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

தெரிந்த சொல்தான் ஆபத்து

தெரியாத சொல்லை அகராதியில் தேடிவிடுவோம். தெரியும் என்று நினைக்கும் சொல்தான் குழியில் தள்ளும். நாற்றம் என்றால் அங்கே நறுமணம். கிழவன் என்றால் உரியவன், தலைவன். 'கொல்' பல இடங்களில் சந்தேகத்தைக் காட்டும் இடைச்சொல், யாரும் யாரையும் கொல்லவில்லை. 'மாதவர்' என்று வந்தால் பெருமாளைத் தேடக்கூடாது. மா, தவர்: பெரிய தவசிகள். 'கடி' என்றதும் நமக்குத் தெருநாய்தான் நினைவு வரும். தொல்காப்பியம் அந்த ஒரு சொல்லுக்கே காவல், கூர்மை, புதுமை, விரைவு, மிகுதி, அச்சம் என்று வரிசையாகப் பொருள் சொல்கிறது. கடிநகர் என்றால் காவலுடைய நகரம். ஆனால் 'கடிஞை' என்பது இதில் சேராது. அது பிச்சைப் பாத்திரம், மணிமேகலையில் முக்கியமான சொல்.

இன்னொரு கூத்து. ஆயிழை, சேயிழை, பூங்கொடி என்று வந்த இடத்தில் எல்லாம் நான் நகை என்றும் கொடி என்றும் பொருள் எழுதி வைத்திருந்தேன். கொடி எப்படி எழுந்து நடக்கிறது, நகை எப்படிப் பேசுகிறது என்று விளங்கவில்லை. எல்லாம் அந்தப் பெண்ணைத்தான் குறிக்கின்றன. அன்மொழித்தொகை! இரண்டு மார்க்குக்காகப் பள்ளியில் உருப்போட்ட அதே அன்மொழித்தொகை. அந்தச் சொற்களுக்கு நேராக 'அவள்' என்று மாற்றி எழுதியதும் பல பக்கங்கள் தெளிந்துவிட்டன.

பொருள் மாறாமல் தப்பிய சொற்களும் உண்டு. எங்கள் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து (919, 921) குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வருகிறது. கரண்ட் போகும்போது நாம் திட்டுவதும் அதே வாரியத்தைத்தான்.

ஞாபகத்தில் நிற்க: அங்கி

பட்டியல் இருந்தால் மட்டும் போதாது, மனதில் ஏற வேண்டும். படித்தது நாளாக ஆக எப்படி மறக்கிறது என்பதை ஜெர்மனியின் எபிங்ஹாஸ் 1885லேயே அளந்து எழுதினார். மறக்கப் போகும் நேரத்தில் திரும்பப் பார்த்தால் அடுத்த முறை இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். அந்த நேரத்தைக் கணக்கு வைத்துக்கொள்ளும் மென்பொருள்தான் அங்கி. 2006ல் வெளிவந்தது. விண்டோஸ், லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் இலவசம். ஐபோனுக்குக் காசு உண்டு. அட்டையின் முன்பக்கம் சொல்லைக் காட்டும், மனதுக்குள் பொருள் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்த்து, தெரிந்ததா இல்லையா என்று பட்டனை அழுத்த வேண்டும். தெரியாதது சீக்கிரம் திரும்பி வரும். தெரிந்தது நாள் தள்ளி வரும். புதிய அட்டைகள் நாளைக்கு 20 என்று இருக்கும். எட்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பத்தாம் நாள் பாக்கி மலைபோல் குவிந்து, அங்கியைத் திறக்கவே மனம் வராது. முன்பக்கத்தில் சொல்லை மட்டும் போடாமல் அது வரும் அடியையும் சேர்த்துப் போடுங்கள். 'கடி' என்று மொட்டையாகக் கேட்டால் எந்தக் கடி என்று யார் சொல்வது?

எக்ஸெல் பட்டியலை அங்கிக்குள் கொண்டு போகும்போதுதான் நான் பெரிய அடி வாங்கினேன். 'சேவ் அஸ்' கொடுத்து, சிஎஸ்வி என்று இருந்ததில் முதலில் கண்ணில் பட்டதைத் தேர்ந்தெடுத்தேன். திரை கேட்ட எச்சரிக்கையைப் படிக்காமலே 'எஸ்' அழுத்தினேன். மூடித் திறந்தால், தமிழ் இருந்த இடம் எல்லாம் கேள்விக்குறி! மூன்று வாரம் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து டைப் செய்தது. பிழை முழுக்க என்னுடையது. சம்பளம் வாங்கிக்கொண்டு சாப்ட்வேர் எழுதும் நானே பேக்கப் எடுத்து வைக்கவில்லை. நீங்கள் முதலில் சாதாரண எக்ஸெல் பைலாகச் சேவ் செய்து, ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டுவிடுங்கள். அதன் பிறகு 'சிஎஸ்வி யூடிஎப்-8' என்று தெளிவாக இருப்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள் (எக்ஸெல் 2016 முதல் இது உண்டு). இலவச லிப்ரே ஆபிஸ் வைத்திருப்பவர்களுக்கு, சேவ் செய்யும்போது எழுத்துமுறை எது என்று அதுவே கேட்கும். யூனிகோட் யூடிஎப்-8 என்று கொடுத்தால் போதும்.

தாத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்கத் தயங்கினேன். பார்வை போனவரிடம், நீங்கள் மூச்சு வாங்கச் சொன்னதெல்லாம் போய்விட்டது என்று எப்படிச் சொல்ல? சொன்னதும் அவர் கேட்டது: "என் மண்டையில இருக்குறதும் போச்சா என்ன? மறுபடி எழுது."

மறுபடி எழுதும்போதுதான் அவர் மண்டையில் இருந்தது எது என்று தெரிந்தது. நிகண்டு! அகராதிக்கு முன்னோடி. சொற்பொருளைப் பாட்டாகக் கட்டி, திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்தார்கள். தாத்தா தன் அப்பாவிடம் சூடாமணி நிகண்டில் பாதிக்கு மேல் பாடம் கேட்டவர். மண்டல புருடர் எழுதிய அந்த நூலில் 12 தொகுதிகள். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கு, மரம், இடம் என்று பொருள்வாரியாகப் போகும். 11ஆம் தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. அதை எதுகை எழுத்தை வைத்து அடுக்கியிருக்கிறார். நான் 'சார்ட்' கட்டளை கொடுப்பதை அவர் இரண்டாம் எழுத்தை வைத்துச் செய்திருக்கிறார். அகர வரிசை பின்னால்தான் வந்தது: சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டு, 1594. இத்தாலியிலிருந்து வந்து, லத்தீனில் தமிழ் இலக்கணமும் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணிக் காப்பியமும் எழுதிய வீரமாமுனிவர், 1732ல் சதுரகராதி தொகுத்தார். வேற்று மொழிக்காரர் காப்பியமே எழுதிவிட்டாரே, நமக்குப் படிக்கக் கூடவா வராது என்று எனக்கு ரோஷம் வந்தது.

ஆறு மாதத்தில் என் அட்டைகள் 600ஐத் தாண்டின. அடிக்கடி வருபவற்றை, பார் செய்தது போல ஒரே ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்துப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். முழுக் காப்பியமும் எனக்குக் கைவந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். 27, 29ஆம் காதைகளில் சமய வாதமும் தருக்கமும் வருகின்றன. பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வடமொழியிலிருந்து வந்த கலைச்சொற்கள். அங்கே 'பக்கம்' என்றால் நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. அதற்குத் தனி அட்டைக்கட்டு வேண்டும். "அதை விடு, உ.வே.சா.வே அந்தச் சொல்லுக்கெல்லாம் அலைஞ்சிருக்கார்" என்றார் தாத்தா. உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சிட்டது 1898ல். அப்போது அங்கியும் இல்லை, எக்ஸெலும் இல்லை.

போன மாதம், 28ஆம் காதையை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தோம். கச்சி மாநகர் புக்க காதை. மூன்று மாலைகள் ஆனது. முதல் நாள் தாத்தா ஏழெட்டு இடத்தில் திருத்தினார். இரண்டாம் நாள் இரண்டே இடம். பொருள் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள், மழை பொய்த்துப் பசியில் கிடக்கும் காஞ்சிக்கு மணிமேகலை வருகிறாள். இளங்கிள்ளி அவளுக்குப் பொழிலும் பொய்கையும் அமைத்துக் கொடுக்கிறான். அமுதசுரபியை நடுவில் வைத்து, பசித்த உயிர்கள் எல்லாம் வருக என்கிறாள். யார் யார் வந்தார்கள் என்று சாத்தனார் வரிசையாகச் சொல்கிறார். அதில் 'காணார்' என்று வந்தது. கண் தெரியாதவர்கள். அதற்கு நான் அட்டை போட்டிருக்கவில்லை, போட வேண்டிய சொல்லும் இல்லை. ஆனாலும் அங்கே குரல் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டே பாப்பா? மேலே படி. இன்னும் நிறைய பேர் சாப்பிட வர்றாங்க" என்றார் தாத்தா.